தவணையில் ஒரு நாற்காலி

சென்னையில் ஒருவர் 'சீசன் எடுத்தாச்சா?' என்று கேட்டால் அது மின்சார ரயிலைப் பற்றிய கேள்வி. கொழும்பிலும் அப்படித்தான். ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ மாதச் சீட்டு எடுப்பவர்கள் அதை 'சீசன்' என்றே சொல்வார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கள் செட்டுக்குள் அந்தச் சொல் வந்தால் அது காற்பந்து. 'இந்த வருஷம் சீசன் போடுறியா இல்லையா?' என்று வாட்சப்பில் ஒருவன் கேட்டதும் குழு இரண்டு நாளைக்குச் சூடாகிவிடும். போன சீசனில் எத்தனை ஆட்டம் பார்த்தோம், இந்த முறை விலை எவ்வளவு ஏறியிருக்கிறது, ஒரே தடவையாகக் கட்டுவதா மூன்று தவணையாகக் கட்டுவதா, யாருக்குச் சம்பளம் எந்தத் தேதி என்று கணக்கு ஓடும். கடைசியில் காற்பந்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த விவாதத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பின்னணி இருக்கிறது. காற்பந்துக்கு நம் ஆட்கள் எப்படிக் காசு கொடுத்தார்கள், கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று பின்னோக்கிப் போனால், சிலாங்கூரின் காற்பந்து வரலாற்றுக்குள் இன்னொரு சின்ன வரலாறு தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சீசன் டிக்கெட் பிறந்த இடம் ரயில்வே. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தினமும் ஒரே பாதையில் போய்வந்தவர்களுக்கு ரயில் நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே சீட்டாக விற்றன. அப்படி விற்க முடிந்ததற்குக் காரணம் கால அட்டவணை. எட்டு மணி வண்டி எட்டு மணிக்கு வரும் என்ற உறுதி இருந்தால்தான் மூன்று மாதத்துக்கு முன்பே காசு வாங்க முடியும். காற்பந்துக்கு அந்த அட்டவணை 1888-இல்தான் வந்தது. அதுவரை இங்கிலாந்தில் கிண்ணப் போட்டிகளும் நட்பு ஆட்டங்களும்தான். எதிரணி கடைசி நேரத்தில் வராமல் போகும். டிக்கெட் வாங்க வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். இது சரிப்படாது என்று ஆஸ்டன் வில்லாவைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரெகர் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். 12 கிளப்புகள் சேர்ந்து ஃபுட்பால் லீக்கைத் தொடங்கின. ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் சொந்தத் திடலில் ஒருமுறை, வெளித்திடலில் ஒருமுறை ஆடவேண்டும் என்று விதியானது. அதன்பிறகு முன்கூட்டி விற்பது கணக்குக்கு ஒத்துவரும் காரியமாயிற்று.

மலாயாவில் கதை வேறு மாதிரி நடந்தது. இங்கே லீக்குக்கு முன்னால் கிண்ணம் வந்தது. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இந்தப் பக்கம் வந்துபோனபோது, அதன் மாலுமிகளும் அதிகாரிகளும் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களைப் பரிசளித்தார்கள். காற்பந்துக் கிண்ணம்தான் மலாயா கிண்ணம். 1967-இலிருந்து மலேசியக் கிண்ணம். பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தக் கப்பலை பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக்கொடுத்ததே ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசு வருவாய்தான். அந்த வருவாய் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர் மரத்தைச் சீவியவர்கள் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆக, இந்த நாட்டின் மிகப் பழைய காற்பந்துக் கிண்ணத்துக்கு நம் ஆட்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒருவகையில் காசு கட்டியிருந்தார்கள்.

முதல் இறுதியாட்டம் 1921-இல் கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தை எடுத்தது. அதிலிருந்து 2015 வரை 33 முறை. இந்தச் சாதனையை இன்னும் எந்த அணியும் நெருங்கவில்லை. ஆனால் மலாயா கிண்ணம் வட்டாரச் சுற்று, பிறகு வெளியேற்றுச் சுற்று என்று நடந்த போட்டி. ஓர் ஆண்டில் சொந்தத் திடலில் கிடைப்பது சில ஆட்டங்கள்தான். இறுதிக்குப் போவோமா என்றே தெரியாது. இதில் சீசன் டிக்கெட் விற்க வழியில்லை. ரசிகர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக முடிவெடுத்தார். காசு இருந்தால் போனார், இல்லாவிட்டால் வானொலி.

அந்தக் காலத்தில் முன்பணம் வேறு இடத்தில் போயிற்று. என் பெரியப்பா கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூர் ஆட்டம் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே லயத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவாராம். லோரி வாடகைக்குத் தலைக்கு இவ்வளவு. முன்பணம் கொடுத்தவன் லோரியில் உட்காருவான், கொடுக்காதவன் நின்றுகொண்டு வருவான். 'டிக்கெட் காசைவிட லோரி காசுதான்டா கூட' என்று பெரியப்பா சொல்வார். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ஒரே அணிக்கு இரண்டு விதமான ரசிகர்கள். டிக்கெட் விலை ஒன்று, போய்ச் சேரும் செலவு வேறு. இது இன்றைக்கும் மாறவில்லை, பின்னால் வருகிறேன்.

மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்ட் 30-இல் திறக்கப்பட்டது. மறுநாள் அங்கேதான் சுதந்திரப் பிரகடனம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குச் சிலாங்கூர் ரசிகர்களுக்கு அது வீடு மாதிரி. அங்கே ஆடியவர்களில் நம் பெயர்கள் நிறைய. தற்காப்பில் எம். சந்திரன். போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல்காவலர். பின்னாளில் பயிற்றுநராக 2010-இல் தேசிய அணிக்கு ஆசியான் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்த கே. ராஜகோபால். 1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது இதே மெர்டேக்கா அரங்கத்தில்தான். கோல் முன்னே நின்றவர் ஆறுமுகம். ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அரசு முடிவெடுத்ததால் அணி மாஸ்கோவுக்குப் போகவேயில்லை. 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் பார்த்தவர்களுக்கு அதில் வரும் முத்துவைத் தெரியும். அந்தப் பாத்திரத்தின் பின்னால் இருப்பவர் ஆறுமுகம்தான். அவர் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35.

இந்தப் பெயர்களை அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர் ஆட்டத்துக்கு ஆட்டம் டிக்கெட் வாங்கியவர். ஆனால் அவர் யாரைப் பார்க்கப் போனாரோ அந்த ஆட்டக்காரர் அநேகமாகப் பக்கத்து வீட்டுப் பையன். பகலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் பயிற்சிக்குப் போகிறவர். அணிக்கும் ரசிகருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

மலேசியாவில் காற்பந்துக்கு அட்டவணை மெதுவாக வந்தது. 1979-இல் மலேசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றாக லீக் முறை கொண்டுவரப்பட்டது. 1982-இல் லீக் வெற்றியாளருக்குத் தனிக் கோப்பை. 1989-இல் பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 2004-இல் சூப்பர் லீக். இப்போதுதான் ரசிகரிடம் 'வருஷத்துக்கு இத்தனை ஆட்டம், இன்ன தேதியில்' என்று சொல்லிக் காசு கேட்க முடிந்தது. இங்கிலாந்தில் 1888-இல் நடந்தது இங்கே கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து நடந்தது.

நடந்த வேகத்திலேயே அடியும் விழுந்தது. 1994 ஜூலையில் 80,000 பேர் உட்காரும் ஷா ஆலம் அரங்கம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் ஆட்டநிர்ணய ஊழல் வெடித்தது. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அத்தோடு போட்டியை விட்டே வெளியேறியது. நாட்டின் மிகப் பெரிய காற்பந்து அரங்கத்தைக் கட்டிமுடித்த நேரத்தில் அதில் வந்து உட்கார வேண்டியவர்களின் நம்பிக்கை போய்விட்டது. 1996-இல் அஸ்ட்ரோ வந்தது. சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் ஒரு தே தாரேக் விலைக்கு மான்செஸ்டரையும் லிவர்பூலையும் பார்க்கலாம் என்றானபிறகு ஷா ஆலமுக்குப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. என் தலைமுறை அந்தக் காலத்தில் பிறந்தது. எங்களில் பலருக்கு முதல் அணி ஆன்ஃபீல்டில் இருந்தது, ஷா ஆலமில் இல்லை.

ஷா ஆலம் அரங்கம் 2020-இல் மூடப்பட்டு, 2024-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 45,000 இருக்கைகளோடு புதிய அரங்கம் கட்டும் திட்டத்தை எம்ஆர்சிபி நிறுவனம் எடுத்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில் கேஎல் சென்ட்ரலைக் கட்டியெழுப்பிய அதே நிறுவனம். புதிய அரங்கம் வரும்வரை சிலாங்கூருக்கு பெட்டாலிங் ஜெயாவின் எம்பிபிஜே அரங்கம். அங்கே இருக்கை 25,000 சொச்சம். இருக்கை குறைந்ததும் சீசன் பாஸுக்கு மதிப்பு கூடிவிட்டது. 80,000 இருக்கையில் பாஸ் இல்லாவிட்டாலும் இடம் கிடைக்கும். 25,000 இருக்கையில் பெரிய ஆட்டத்துக்குப் பாஸ்தான் உத்தரவாதம்.

இங்கே கணக்கைப் போட்டுவிடுவோம். எங்கள் குழுவில் போடும் கணக்கின் மாதிரி இது. எந்தக் கிளப்பின் விலைப்பட்டியலும் அல்ல. லீக்கில் 13 அணிகள் என்றால் சொந்தத் திடலில் 12 ஆட்டங்கள். ஒரு டிக்கெட் 25 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300. சீசன் பாஸ் 240 வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 240-ஐ 25-ஆல் வகுத்தால் 9.6. பத்து ஆட்டத்துக்குப் போனால்தான் லாபம். ஒன்பதுக்குப் போனால் நட்டம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், வாரநாள் இரவு 9 மணி ஆட்டத்துக்கு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டுபவன், குழந்தை பிறக்கப்போகிறவன் என்று குழுவில் ஆளாளுக்கு அந்தப் பத்து என்ற எண் வேறுவேறு தூரத்தில் இருக்கிறது.

அடுத்தது பெரியப்பாவின் லோரிக் கணக்கு. கிள்ளானிலிருந்து போகும் நண்பனுக்குப் பெட்ரோல், பார்க்கிங், சாப்பாடு என்று ஆட்டத்துக்கு 30 வெள்ளி ஆகிறது என்றால் 12 ஆட்டத்துக்கு 360. பாஸைவிட இது அதிகம். பாஸ் விலையில் 20 வெள்ளி ஏறியதற்குக் குழுவில் சண்டை போடுகிறோம். போக்குவரத்துச் செலவை யாரும் எழுதுவதே இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு 600 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி உள்ள நாட்டில் 240 வெள்ளி ஏறத்தாழ நான்கு நாள் கூலி. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போக நினைப்பவருக்குப் பாஸ் மட்டுமே 960.

அதனால்தான் தவணை. மூன்று மாதம், மாதம் 80 வெள்ளி, வட்டி இல்லை என்று கைப்பேசிச் செயலி சொல்கிறது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற இந்த முறை சப்பாத்து வாங்குவதிலிருந்து காற்பந்து பாஸ் வரை வந்துவிட்டது. வட்டி இல்லை என்பது உண்மைதான், தேதி தவறாதவரை. தவறினால் தாமதக் கட்டணம். இப்படிப்பட்ட சேவைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரத்தான் நாடாளுமன்றம் 2025-இல் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. செயலி கிளப்புக்குக் காசை உடனே கொடுத்துவிடும். நாம் செயலிக்குக் கடனாளி. நடுவில் அணி தோற்றாலும், பயிற்றுநர் போனாலும், நாம் போவதையே நிறுத்திவிட்டாலும் 80 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும்.

சீசன் டிக்கெட்டைத் தள்ளுபடியாகப் பார்ப்பது ரசிகர் பக்கத்துப் பார்வை. கிளப்பின் கணக்காளர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடன். முதல் விசில் ஊதுவதற்கு முன்பே, இன்னும் நடக்காத 12 ஆட்டத்துக்கான காசு கைக்கு வந்துவிடுகிறது. 10,000 பேர் 240 வெள்ளி கட்டினால் 24 லட்சம் வெள்ளி. வங்கி அந்தத் தொகைக்கு வட்டி கேட்கும், அடமானம் கேட்கும். ரசிகர் எதையும் கேட்பதில்லை, தள்ளுபடி ஒன்றே போதும் என்கிறார்.

இதை இங்கிலாந்துக் கிளப்புகள் நன்றாகப் புரிந்துகொண்டன. ஹில்ஸ்பரோ விபத்துக்குப் பிறகு வந்த 1990-இன் டெய்லர் அறிக்கை பெரிய அரங்கங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றது. கட்டக் காசு வேண்டுமே. 1991-இல் ஆர்சனல் ஒரு பத்திரம் வெளியிட்டது. விலை 1,000 பவுண்டிலிருந்து 1,500 வரை. அதை வாங்கினால் சீசன் டிக்கெட் கிடைத்துவிடாது. சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைதான் கிடைக்கும்! அதே ஆண்டு வெஸ்ட் ஹாம் 500 பவுண்டு முதல் 975 வரை அதேபோன்ற பத்திரத்தைக் கொண்டுவந்தது. அங்கே ரசிகர்கள் திடலில் இறங்கிப் போராடினார்கள், திட்டம் படுத்துவிட்டது. லீட்ஸ் யுனைடெட் 2001-இல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அடுத்த 25 ஆண்டுகளில் வரப்போகும் டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. இன்னும் பிறக்காத ரசிகர்களின் காசு அது. 2004-இல் லீட்ஸ் பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது. அதே ஆண்டு சொந்த அரங்கத்தையே விற்றது.

ரசிகர்கள் கடன்கொடுத்தவர்கள் மாதிரி நடந்துகொண்ட நாளும் உண்டு. 2016 பிப்ரவரி 6, ஆன்ஃபீல்ட், எதிரணி சண்டர்லண்ட். அடுத்த சீசனில் ஒரு டிக்கெட் விலையை 77 பவுண்டாக்கப்போவதாக லிவர்பூல் அறிவித்திருந்தது. 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல் ஆட்டம் முடியும்போது 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் விலையுயர்வைத் திரும்பப்பெற்றார்கள். நம்மூரில் நேரம் நள்ளிரவு தாண்டியிருந்தது. இங்கே மாமாக் கடைகளில் அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் நிறைய. நம் அரங்கத்தில் நாம் எந்த நிமிடத்தில் எழுந்து போவோம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

தவணை, முன்பணம், நம்பிக்கை என்பதெல்லாம் நமக்கு லண்டன்காரர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இல்லை. மலேசியாவில் 1971-இல் வந்த ஒரு சட்டத்தின் பெயரே கூட்டு நிதி தடைச் சட்டம். அந்தச் சட்டம் தான் தடைசெய்யும் ஏற்பாட்டின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது: கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், சீனர்களின் ஹுவெய், டோன்டின். ஆங்கிலச் சட்டப் புத்தகத்துக்குள் இரண்டு சொற்கள் தமிழ்க் காதுக்கு நம் வீட்டுச் சொற்களாகவே கேட்கின்றன. பத்து பேர் மாதம் 100 வெள்ளி போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் 1,000 வெள்ளியை எடுத்துக்கொள்வார். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். மலாயில் இதைக் 'குத்து' என்பார்கள். அதே சொல்லுக்குப் பேன் என்றும் பொருள் இருப்பதால், ஏமாந்தவர்களைக் கிண்டல் பண்ண வசதி.

சட்டம் தடுப்பது இதைத் தொழிலாக நடத்துவதை. ஆயிரக்கணக்கானோரிடம் வசூலித்துக்கொண்டு ஓடிப்போனவர்களால் வந்த சட்டம் அது. அதற்கு அடியில் இருந்த மனக்கணக்கு மட்டும் போகவில்லை. எங்கள் குழுவில் போன முறை நடந்ததும் அதுதான். கொஞ்சம் வசதியுள்ள ஓர் அண்ணன் நான்கு பாஸுக்கும் ஒரே தடவையாகக் கட்டினார். நாங்கள் மூன்று பேர் மாதாமாதம் அவருக்கு 60 வெள்ளி அனுப்பினோம். தாமதக் கட்டணம் கிடையாது. ஒரு மாதம் தாமதமானால் அண்ணன் 'என்னடா தம்பி, மறந்துட்டியா' என்று கேட்பார். அந்தக் கேள்வியே தாமதக் கட்டணத்தைவிடக் கூச்சமாக இருக்கும். செயலிக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம், ஒருவனுக்கு வேலை போனால் அண்ணன் காத்திருப்பார்.

ஆனால் இந்தக் கூட்டும் முடிவில் ஒரு நாற்காலியைத்தான் தருகிறது, அதுவும் ஓராண்டுக்கு. நம் வரலாற்றில் தவணை இதைவிடப் பெரிய ஒன்றை வாங்கியிருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து மாதாமாதம் சிறு தொகை கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அவர் பெயரில்தான் இன்று பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலை இருக்கிறது. சங்கத்தின் பிற்கால நிர்வாகம் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் தினக்கூலிக்காரர் ஒருவர் தவணை கட்டி, கடைசியில் தான் வேலைபார்க்கும் மண்ணில் பங்குதாரர் ஆனார். என் பெரியப்பா லோரிக்குக் கொடுத்த முன்பணமும் அவருடைய அண்ணன் சங்கத்துக்குக் கட்டிய தவணையும் ஒரே லயத்திலிருந்து, ஒரே மாதத்துக் கூலியிலிருந்து போயிருக்கும். ஒன்று ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. இன்னொன்றுக்குப் பங்குச் சான்றிதழ் இருந்தது.

காற்பந்தில் இப்படி நடக்காது என்று சொல்லமுடியாது. ஜெர்மனியில் 1998-இல் வந்த 50+1 விதிப்படி கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும். பார்சலோனா இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தம்; தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு இடம்மாற்ற அனுமதி கிடைத்தபோது, 2002-இல் ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பல படிகள் கீழேயிருந்து ஏறி, 2020-இல் பழைய வட்டாரத்திலேயே புதிய அரங்கத்துக்குத் திரும்பினார்கள்.

நமக்கும் அப்படி ஒரு வாய்ப்பு பக்கத்திலேயே வந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபா 1950-இல் தொடங்கியது. அதன் பெயர் தாங்கிய அணி 2017, 2018 ஆண்டுகளில் நாட்டின் இரண்டாம் நிலை லீகில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீகுக்கு வந்தது. அதற்குள் உரிமை ஒரு தனியார் குழுமத்திடம் போயிருந்தது. கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை வைத்தே முதல் நிலை லீகில் தாக்குப்பிடித்தது. தமிழ்ப் பெயர்கள் அந்த அணிப் பட்டியலில் வரிசையாக இருந்தன. 2022 சீசனோடு அணி லீகிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான்.

அந்த அணியின் ஆட்டங்களுக்கு எம்பிபிஜே அரங்கம் நிறைந்ததில்லை. தேசிய அணியில் நம் பையன்கள் இல்லையே என்று மாமாக் கடையில் புலம்பும் கூட்டம் அரங்கத்துக்கு வரவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. வந்திருந்தாலும் அணி நின்றிருக்குமா? விலகும் முடிவை எடுத்தவர்கள் உரிமையாளர்கள். ரசிகருக்கு அந்த மேசையில் இடமில்லை. 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக்கே 2025-இல் லீகிலிருந்து விலகியது. அதே ஆண்டு ஶ்ரீ பகாங்கும். இவையெல்லாம் நிறையக் கூட்டம் பார்த்த அணிகள். ரசிகர் கூட்டத்தால் மட்டும் ஓர் அணியைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எம். சந்திரன் காலத்து ரசிகருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. அவர் ஆட்டம் முடிந்ததும் கணக்கு தீர்ந்தவர். நான் முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டு, அடுத்த மே மாதம் கிளப் உயிரோடு இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பவன். அவரைவிட நான் கொடுக்கும் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கைக்குப் பதிலாக நான் கேட்பதும் அதிகமாக இருக்கவேண்டும். தள்ளுபடி ஐந்தில் ஒன்றா நான்கில் ஒன்றா என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறதா? கணக்கு வெளியிடப்படுகிறதா? சீசன் நடுவே அணி விலகினால் மிச்ச ஆட்டங்களின் காசு திரும்பி வருமா? என்னால் போகமுடியாத நாளில் பாஸை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? விலையை முடிவுசெய்யும்போது ரசிகர் மன்றத்தைக் கூப்பிடுகிறார்களா? முகநூலில் கோபப்படுவதைவிட, பாஸைப் புதுப்பிக்கும் வாரத்தில் இவற்றை எழுதிக் கேட்பது பலன் தரும். ஏனென்றால் அந்த ஒரு வாரம் மட்டும்தான் காசு இன்னும் நம் கையில் இருக்கிறது.

இந்த ஆண்டு எங்கள் குழுவில் முடிவு இப்படி வந்திருக்கிறது. நான்கு பேருக்கு மூன்று பாஸ். கிள்ளான் நண்பனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பத்து ஆட்டம் அவனால் முடியாது, ஆனால் மூன்று நான்குக்கு வருவான். அவன் வரும் நாளில் எங்களில் ஒருவர் தனி டிக்கெட் வாங்குவோம், அந்தக் காசை நால்வரும் பங்கிடுவோம். செயலி வேண்டாம், அண்ணனிடமே தவணை. மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு மின்னஞ்சலாக எழுதியிருக்கிறோம். தமிழில் யோசித்து, மலாயில் எழுதியது. பதில் வந்தபிறகுதான் அண்ணன் கட்டுவார்.